அதுக்குள்ள எத்தனை தோட்டா போகும்?

எங்கட பக்கத்தில் 'மகசின்' என்ற சொல்லுக்கு நெடுங்காலம் இரண்டு அர்த்தம்தான் புழக்கத்தில் இருந்தது. ஒன்று, கொழும்பு மகசின் சிறைச்சாலை. பிள்ளையைப் பார்க்க இரவு பஸ் ஏறிப்போன தாய்மார் இருக்கிற ஊர்களில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றது, துவக்கில் கொழுவுகிற, ரவை அடுக்கின பெட்டி. சஞ்சிகை என்ற மூன்றாவது அர்த்தம் எனக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகுதான் தெரியவந்தது. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான், களஞ்சியம் என்று பொருள்படும் ஒரு அரபுச் சொல். மருந்தை அடைத்தாலும், ஆளை அடைத்தாலும், கட்டுரையை அடைத்தாலும் மகசின்.

நான் எழுதப்போவது இரண்டாவது மகசின் பற்றி. ஆனால் சண்டை பற்றி இல்லை, விளையாட்டு பற்றி. இதை வந்தாறுமூலையில் இருந்து எழுதுகிறதில் ஒரு சங்கடம் இருக்கு. அது எனக்குத் தெரியும், வாசிக்கிற உங்களுக்கும் விளங்கும். அந்தச் சங்கடம் இல்லாட்டி இதை எழுதவே தேவையில்லை.

சுவிஸில் இருக்கிற என்ட மாமாவின் மகன் போன வருசம் எனக்கு ஒரு வீடியோ அனுப்பினான். நாற்பது செக்கன் இருக்கும். காதுமூடியும் கண்ணாடியும் போட்டு, கையில் ஒரு கறுத்தத் துவக்கோடு நிற்கிறான். பக்கத்தில் ஒரு ஆள், கையில் நேரம் பிடிக்கிற கருவி. 'பீப்' என்றதும் ஓடுகிறான். மரச்சட்டத்தில் வலை அடித்த தடுப்புகளுக்கு நடுவில் நின்று சுடுகிறான். இரும்புத் தட்டுகள் ஒவ்வொன்றாகச் சாய்கின்றன. பெட்டி மகசின் கழன்று நிலத்தில் விழுகிறது, அடுத்ததைக் கொழுவுகிறான், திரும்ப ஓட்டம். கடைசித் தட்டு விழுந்ததும் அப்படியே நிற்கிறான். மகசினைக் கழற்றி, துவக்கின் அறையைத் திறந்து அந்த ஆளுக்குக் காட்டுகிறான். அவர் குனிந்து பார்த்துத் தலையாட்டுகிறார். முடிந்தது.

கீழே எழுதியிருந்தான்: "எப்பிடி மச்சான்?"

நான் கேட்ட முதல் கேள்வி, ஊரில் எந்தக் கிழவனும் கேட்கக்கூடியது. "அதுக்குள்ள எத்தனை தோட்டா போகும்?"

அந்தக் கேள்விதான் இந்த விளையாட்டின் அரைவாசி என்று அப்போது எனக்குத் தெரியாது.

முதலில் துவக்கைச் சொல்லிவிடுகிறேன். சொட்கன் என்பது ரவை சுடுகிற ரைபிள் மாதிரி இல்லை. குழலின் உட்பக்கம் வழவழப்பு. தோட்டாவுக்குள் இருப்பது பெரும்பாலும் சன்னம். போட்டிகளில் பாவிக்கிற 7½ இலக்கச் சன்னம் ஒன்று 2.4 மில்லிமீற்றர்தான், 28 கிராம் தோட்டா ஒன்றுக்குள் ஏறத்தாழ 350 சன்னம் இருக்கும். செய்தியில் அடிக்கடி வாசிக்கிற '12 போர்' என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டையாக்கினால் ஒரு உருண்டை எவ்வளவு பருமனோ, அதுதான் குழலின் உள்விட்டம். கிட்டத்தட்ட 18.5 மில்லிமீற்றர். எண் கூடக்கூடக் குழல் சிறுக்கும். எனக்கு இது விளங்க ஒரு நாள் எடுத்தது.

எங்கட அம்மப்பாவிடம் ஒரு லைசன் துவக்கு இருந்ததாம். படுவான்கரையில் வயல். பன்றிக்காகக் கச்சேரியில் அனுமதி எடுத்தது. நடுவில் முறித்து, இரண்டு தோட்டா போட்டு மூடுகிற இரட்டைக்குழல். இரண்டு வெடி, பிறகு திரும்ப முறிக்க வேணும். அதுவும் இல்லாத ஆக்கள் இடியன் வைத்திருந்தார்கள். வாய்வழியாக மருந்தைக் கொட்டி, தும்பு வைத்து, கம்பியால் இடித்து இறுக்குவதால்தான் அந்தப் பெயர் என்று சொல்வார்கள். ஒரு வெடி போட்டால், அடுத்த வெடிக்குள் பன்றி கிரானைத் தாண்டிவிடும் என்று ஊரில் பகிடி.

இரட்டைக்குழலுக்குப் பிறகு வந்தது எங்கட ஆக்கள் 'ரிப்பீட்டர்' என்கிற வகை. குழலுக்குக் கீழே இன்னொரு குழாய், அதற்குள் தோட்டாக்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். முன்பிடியை இழுத்துத் தள்ளினால் அடுத்தது ஏறும். அரைத் தன்னியக்கத்தில் இந்த இழுத்துத் தள்ளுகிற வேலையும் இல்லை. வெடித்த தோட்டாவின் விசையே வெறும் கோதை வெளியே எறிந்து அடுத்ததை ஏற்றிவிடும். ஆனாலும் விசையை ஒரு முறை இழுத்தால் ஒரு வெடிதான். ஏகே மாதிரிக் கொத்தாகப் போகாது. இதன் அடுத்த படிதான் மச்சான் வைத்திருந்தது. குழாய்க்குப் பதிலாக, கழற்றிப் பூட்டக்கூடிய பெட்டி மகசின். ரஷ்யாவின் இஷெவ்ஸ்க்கில் செய்கிற சைகா-12 இந்த வகையில் பெயர்பெற்றது. பார்த்தால் ஏகே 47 இன் சொந்தக்காரன் என்று தெரியும். உண்மையில் அந்த அமைப்பில் இருந்துதான் அதை எடுத்தார்கள்.

சொட்கன் தோட்டாவுக்குப் பெட்டி மகசின் இயல்பாகப் பொருந்தாது. ரவையின் கோது பித்தளை, கடினமானது. சொட்கன் தோட்டாவின் உடம்பு பிளாஸ்டிக். பெட்டிக்குள் கனநாள் அழுத்தி வைத்தால் நெளிந்துவிடும். அடியில் வெளியே தள்ளின விளிம்பு ஒன்று வேறு இருக்கு. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டினால் துவக்கு இறுகி நின்றுவிடும். ஒவ்வொன்றும் தடிப்பு என்பதால் பத்துத் தோட்டா மகசின் ஒரு அடி வரைக்கும் நீளும். அதோடு மருந்து குறைந்த தோட்டாவைப் போட்டால், பின்னுக்கு வருகிற வாயுவுக்குப் பொறியைத் தள்ளப் பலம் காணாது. அதற்கென்று வாயுவைக் கூட்டிக் குறைக்கிற ஒரு திருகு. மச்சான் துவக்குச் சுடுவதைவிட அந்தத் திருகோடும் மகசின் உதடுகளை அரத்தால் ராவுவதோடும்தான் கூட நேரம் மினக்கெடுகிறான். மோட்டார்சைக்கிள் வைத்திருக்கிற எங்கட பெடியன்கள் காபரேட்டரோடு கிடக்கிற மாதிரி.

இந்தப் போட்டிக்குப் பெயர் ஐ.பி.எஸ்.சி. 'பிரயோகச் சுடுதல்' என்று தமிழில் சொல்லலாம். 1976 இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் கொலம்பியா என்ற ஊரில் கூடித் தொடங்கிய அமைப்பு. கைத்துப்பாக்கிக்குத்தான் முதலில் வந்தது. சொட்கனுக்குத் தனி உலகப்போட்டி 2012 இல்தான், ஹங்கேரியின் டெப்ரெட்சனில். ஒலிம்பிக்கில் இது இல்லை.

புள்ளி போடுகிற முறை எனக்குப் பிடித்தது. இலக்கில் எடுத்த புள்ளியை, எடுத்த நேரத்தால் வகுப்பார்கள். மெதுவாகச் சுட்டு எல்லாவற்றையும் விழுத்தினாலும் தோற்கலாம், வேகமாகச் சுட்டுத் தவறவிட்டாலும் தோற்கலாம். ஒரு இலக்குக்கு 5 புள்ளி. தவறினால் அந்த 5 போவதோடு இன்னும் 10 கழியும். ஒரு நீண்ட கட்டத்தில் 28 வெடி வரைக்கும் தேவைப்படும். எந்தத் துவக்கிலும் தொடக்கத்திலேயே அவ்வளவு இருக்காது. ஆகவே ஓடுகிற ஓட்டத்தில் எங்கேயாவது நிரப்பத்தான் வேணும். எங்கே நிரப்புவது, எந்தத் தட்டுக்குப் பிறகு, எத்தனை கால் வைக்கிற இடைவெளியில் என்பதைப் போட்டிக்கு முன்பே நடந்து பார்த்து மனப்பாடம் பண்ணுகிறார்கள். அந்த நேரத்தில் அவர்களைப் பார்த்தால் பைத்தியங்கள் மாதிரி இருக்கும். வெறுங்கையை நீட்டிக்கொண்டு, வாயால் எண்ணிக்கொண்டு, தடுப்புகளுக்கு நடுவில் பத்துப் பன்னிரண்டு பேர் ஆளையாள் பார்க்காமல் நடக்கிறார்கள்.

இங்கேதான் எனக்கும் மச்சானுக்கும் வாக்குவாதம் வந்தது.

போட்டியில் பிரிவுகள் உண்டு. பெட்டி மகசின், சிவப்புப் புள்ளிக் கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு வருகிறது 'ஓப்பன்'. கீழே குழாய் உள்ள, இரும்புக் குறியோடு மட்டும் வருகிறது 'ஸ்டாண்டர்ட்'. ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனித் தரவரிசை. மச்சான் ஓப்பன். நான் ஒரு கிழமை முழுக்க மற்றப் பிரிவு வீடியோக்களைப் பார்த்தேன். அதில் ஒரு வித்தை இருக்கு. இடுப்பில் இரண்டிரண்டாக அடுக்கி வைத்த தோட்டாக்களில் நாலை ஒரே பிடியில் எடுத்து, துவக்கைத் தோளில் கவிழ்த்து, பெருவிரலால் இரண்டு இரண்டாகக் குழாய்க்குள் தள்ளுகிறார்கள். பழகினவர்களுக்கு எட்டுத் தோட்டா மூன்று நாலு செக்கன். கண் இலக்கைத்தான் பார்க்கிறது, விரல் தன்ட பாட்டில் வேலை செய்கிறது. பாய் இழைக்கிற பெண்களின் விரல் ஞாபகம் வந்தது எனக்கு. ஒரு தோட்டா நழுவி விழுந்தால் அந்தக் கட்டமே போச்சு.

"உன்ட ஓப்பன்ல என்னடா இருக்கு, பெட்டியக் கழட்டிப் பெட்டியப் பூட்டுறாய்" என்று எழுதினேன்.

அவன் குரல்பதிவு அனுப்பினான். அவனுடைய தமிழ் வீட்டுத்தமிழ், மாமி பேசுகிற மாதிரியே மட்டக்களப்பு இழுவையோடு இருக்கும். "இல்ல மச்சான், சும்மா கொழுவேலாது. முன்நுனிய முதல்ல மாட்டி, மறுகா பின்னுக்கு ஆட்டிப் பூட்டணும். ஓடக்குள்ள ஒரு நூல் விலகினாலும் ஏறாது. இறுகினா அத எடுத்து விடுறதே பெரிய வேல. ஓப்பன்ல எல்லாரும் வேகம், நீ கால் வைக்கிற இடத்திலதான் வெல்லலாம்."

அவன் சொல்வதில் நியாயம் இருக்கு. ஆனாலும் என் கட்சி மாறவில்லை. ஒரு விளையாட்டில் கடினமான பகுதியைக் கருவி எடுத்துக்கொண்டால், பார்க்கிறவனுக்கு மிஞ்சுவது சத்தம் மட்டும்தான். பெட்டி மகசின் அந்த நாலு செக்கன் மௌனத்தை எடுத்துவிடுகிறது. எனக்கு அந்த மௌனம்தான் விளையாட்டாகத் தெரிந்தது. வெறுமையான துவக்கோடு ஒரு ஆள் தன் விரல்களை நம்பி நிற்கிற நேரம் அது.

சத்தம் என்றதும் அம்மா. நான் போனில் இதைப் பார்க்கும்போது அம்மா குசினிக்குள் இருந்து, "அதின்ட சத்தத்தக் குறை" என்பா. கோபமாக இல்லை, கறிக்கு உப்புக் காணாது என்று சொல்கிற குரலில். எங்கட ஊரில் இன்றைக்கும் இரவில் வெடிச் சத்தம் கேட்கும். யானை வந்தால் போடுகிற யானை வெடி. அம்மாவின் வயது ஆக்களுக்கு யானை வெடி எது, துவக்கு வெடி எது, எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்று படுத்த பாயில் கிடந்தபடியே தெரியும். அது அவர்கள் விரும்பிப் படித்த பாடம் இல்லை. நான் காதுபொத்தியைப் போட்டுக்கொண்டு பார்க்கத் தொடங்கினேன்.

1990 செப்டெம்பர் 5 ஆம் திகதி இதே வந்தாறுமூலையில், பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்தவர்களில் 158 பேரை இராணுவம் கொண்டுபோனது. அவர்கள் திரும்பவில்லை. பிறகு ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்றும் விசாரித்தது. ஒவ்வொரு செப்டெம்பரிலும் குடும்பங்கள் படங்களோடு வருகிறார்கள். அந்த வளாகத்துக்கு முன்னால் இருக்கிற கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு, துவக்கு விளையாட்டு நல்லா இருக்கு என்று சொல்ல வாய் வருமா? நான் யாரிடமும் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறதோடு சரி.

ஆனால் பார்க்கப் பார்க்க, என்னைப் பிடித்துவைத்தது சுடுகிறது இல்லை, விதிகள். போட்டியாளர் ஓடும்போது, திரும்பும்போது, விழுந்தாலும்கூட, குழல்வாய் குறித்த எல்லைக்குள்தான் பார்த்திருக்க வேணும். பின்பக்கம் கொஞ்சம் கிறுகினாலும் அந்த இடத்திலேயே வெளியே. அன்றைய போட்டி முழுக்க முடிந்தது. நகரும்போது விரல் விசைக்கு வெளியே இருக்க வேணும், உள்ளே இருந்தாலும் வெளியே. துவக்குக் கைநழுவி விழுந்தாலும் அப்படித்தான். உலகச் சம்பியனுக்கும் நேற்றுச் சேர்ந்தவனுக்கும் ஒரே விதி. சுடாத நேரத்தில் துவக்கின் அறைக்குள் நிறமுள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகி வெளியே நீட்டி வைக்க வேணும், உள்ளே ஒன்றும் இல்லை என்று தூரத்தில் நிற்கிறவனுக்கும் தெரியிறதுக்காக. கட்டம் முடிந்ததும் திறந்து காட்ட வேணும். 'இதற்குள் ஒன்றும் இல்லை' என்று துவக்கு வைத்திருக்கிறவன் வெறுங்கையோடு நிற்கிறவனுக்கு நிரூபிக்க வேணும். நான் வளர்ந்த காலத்தில் சோதனைச்சாவடியில் நடந்தது நேர் மறுபக்கம். பையைத் திறந்து, சோற்றுப் பெட்டியைத் திறந்து, எங்களிடம் ஒன்றும் இல்லை என்று நாங்கள் காட்டினோம். குழல்வாய் எங்கே பார்த்தது என்று யாரும் கேட்டதில்லை.

இன்னும் இரண்டு விசயம். சுடவேண்டிய இலக்குகளுக்கு நடுவில் சுடக்கூடாத இலக்குகளையும் வைப்பார்கள். அதில் பட்டால் 10 புள்ளி கழியும். சன்னம் பரவுகிற சாமான் என்பதால் சொட்கன்காரனுக்கு இது பெரிய தலையிடி. குழல்வாயில் போடுகிற இறுக்கியை மாற்றிச் சன்னத்தை ஒடுக்கலாம், ஒடுக்கினால் கிட்டத்தில் இருக்கிற தட்டு தவறும். மற்றது, உடுப்பு. படையினரோ பொலிஸோ அல்லாத போட்டியாளர் இராணுவ நிற உடுப்புப் போடுவது வரவேற்கப்படாது என்று விதிப்புத்தகத்திலேயே இருக்கு. அட்டை இலக்குகளிலும் தலையோடு மனித உருவம் மாதிரி இருந்த பழைய வடிவத்தை விட்டுவிட்டு, ஆமை ஓடு மாதிரித் தலையில்லாத ஒன்றை வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் வெளித்தோற்றத்துக்கான சமாளிப்பு என்று சொல்லலாம். இருக்கட்டும். தன் விளையாட்டு எதைப் போல இருக்கு என்று வெட்கப்படத் தெரிந்த விளையாட்டு, வெட்கப்படாததைவிட மேல்.

திரும்ப அந்தக் கேள்விக்கு வாறேன். எத்தனை தோட்டா?

நாட்டுக்கு நாடு இந்தத் துவக்கைப் பற்றிய சட்டம் எல்லாம் கடைசியில் இந்த ஒரு எண்ணில்தான் வந்து நிற்கிறது. பிரித்தானியாவில் 1987 இல் ஹங்கர்ஃபோர்ட் என்ற ஊரில் ஒருவன் ஆட்களைச் சுட்டுக்கொன்ற பிறகு, 1988 இல் சட்டத்தை இறுக்கினார்கள். மகசினில் 2 தோட்டாவுக்கு மேல் போகும் சொட்கனுக்கும், கழற்றக்கூடிய மகசின் உள்ள சொட்கனுக்கும் சாதாரணச் சான்றிதழ் காணாது. ரைபிளுக்கு எடுக்கிற கடினமான அனுமதி வேணும். நியூசிலாந்தில் 2019 மார்ச்சில் கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்ட கொலைவெறிக்குப் பிறகு, ஒரு மாதத்துக்குள் சட்டம் மாறியது. கழற்றக்கூடிய மகசின் பூட்டக்கூடிய அரைத் தன்னியக்க சொட்கனும், உள்குழாயில் 5 க்கு மேல் போகிற அரைத் தன்னியக்க சொட்கனும் தடை. விளையாட்டு என்ற காரணம் அங்கே எடுபடவில்லை. அது சரியா பிழையா என்று மச்சானிடம் கேட்டேன். "நான் அங்க இருந்தா அழுதுகொண்டு குடுத்திருப்பன்" என்றான். இரண்டு பக்கமும் அதற்குள் இருக்கு.

சுவிஸில் எண் 10. 2019 மேயில் வாக்கெடுப்பு வைத்து, ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியை ஏற்றார்கள். கிட்டத்தட்ட 64 வீதம் ஆதரவு. அதன்படி 10 தோட்டாவுக்கு மேலான மகசினோடு அரைத் தன்னியக்க நீளத்துவக்கு எடுக்க விசேட அனுமதி வேணும். சுடுதல் கழகத்தில் இருப்பதையோ ஒழுங்காகச் சுடுவதையோ ஐந்து வருசத்திலும் பத்து வருசத்திலும் காட்ட வேணும்.

அதுக்கு முன்னமே எங்கட ஆக்களுக்கு இன்னொரு எண் இருந்தது. சைபர்.

சுவிஸ் ஆயுத ஒழுங்குவிதியில் ஒரு பட்டியல் இருக்கு. சில நாடுகளின் பிரசைகள் அங்கே துவக்கு வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. அல்ஜீரியா, அல்பேனியா, கொசோவோ, சேர்பியா, துருக்கி என்று போகிற அந்தப் பட்டியலில் இலங்கையும் இருக்கு. வேட்டைக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் மாநில அதிகாரம் விதிவிலக்குக் கொடுக்கலாம், ஆனால் பொது விதி தடைதான். போரில் இருந்து தப்பி ஓடின மாமா, போர் நடந்த நாட்டின் பிரசை என்பதாலேயே துவக்கைத் தொடக்கூடாதவர். அவர் இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டோடுதான் இருக்கிறார். ஏன் என்று கேட்டால் சிரிப்பார்.

மச்சான் அங்கேயே பிறந்தவன், பிறகு சுவிஸ் பிரசையானவன். பிரசையானதும் என்ன நடந்தது? அரசாங்கம் கூப்பிட்டுக் கட்டாயப் பயிற்சிக்கு அனுப்பி, ஒரு தாக்குதல் ரைபிளைக் கையில் கொடுத்து வீட்டுக்கும் கொண்டுபோகச் சொன்னது. வீட்டில் வைத்திருக்கிற ரவையை மட்டும் 2007 இல் இருந்து திரும்ப எடுத்துவிட்டார்கள். அதே ஆள், அதே வீடு, அதே சோறு. கடவுச்சீட்டின் நிறம் மாறினதும் எண் சைபரில் இருந்து இருபதுக்குப் போனது. மூன்றாம் ஆள் தொடாத மாதிரித் துவக்கை வைக்க வேணும் என்று அங்கே சட்டம். ஆகவே மச்சானின் இரும்பு அலுமாரித் திறப்பு மாமாவின் கையில் படக்கூடாது. "அப்பாக்கு அது ஒரு நிம்மதி" என்றான் மச்சான். மாமா அந்த அலுமாரி இருக்கிற அறைக்குப் போவதில்லையாம்.

இங்கே எண் யாரிடம் இருக்கு? துவக்குச் சட்டம் என்றால் இன்னும் 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம்தான், திருத்தங்களோடு. பயிர்ப் பாதுகாப்புக்குச் சொட்கன் அனுமதி, வருசா வருசம் புதுப்பிக்க வேணும். விளையாட்டாகச் சுடுகிற ஆக்களும் இலங்கையில் இருக்கிறார்கள். தெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீற்றர் எயார் ரைபிளில் சுட்டா. லண்டன் 2012 இல் மங்கள சமரக்கோன் போனார். வந்தாறுமூலையில் இருந்து ஒரு பிள்ளை அந்த வரிசையில் நிற்பதை நான் நினைத்துப் பார்க்க முயன்றேன். முதலில் அந்தப் பிள்ளை எந்தப் படிவத்தை எங்கே நிரப்பும், அந்தப் படிவத்தைப் பார்த்த தாய் என்ன சொல்லுவா என்பதில் நினைப்பு நின்றுவிட்டது.

தமிழ் ஆள் ஒருவர் சொட்கனோடு உலக மேடையில் நிற்பதைப் பார்க்க வேணும் என்றால் புதுக்கோட்டைக்குப் போக வேணும். பிரித்விராஜ் தொண்டைமான், அந்தப் பழைய சமஸ்தானத்துக் குடும்பம். அவருடையது களிமண் தட்டுச் சுடுதல், 'ட்ராப்'. 15 மீற்றர் முன்னால் உள்ள பள்ளத்தில் இருந்து தட்டு பறக்கும், எந்தக் கோணம் என்று தெரியாது, இரண்டு வெடிக்குள் உடைக்க வேணும். ஹாங்சோ ஆசிய விளையாட்டில், 2023 இல் நடந்தது, கைனன் செனாய், சொராவர் சிங் சந்துவோடு சேர்ந்து 361 புள்ளியில் அணித் தங்கம். பாரிஸ் ஒலிம்பிக்கில் 125 தட்டில் 118 உடைத்தும் இறுதிக்குப் போகவில்லை, 21 ஆவது. ஏழு தட்டுத் தவறினால் இருபதுபேர் முன்னுக்குப் போய்விடுகிற விளையாட்டு. (அஜித் 2022 இல் திருச்சியில் மாநிலப் போட்டியில் பதக்கம் எடுத்தாரே என்று கேட்பீர்கள். அது சொட்கன் இல்லை, பிஸ்டல்.)

ஒலிம்பிக் ட்ராப்பில் அரைத் தன்னியக்கத் துவக்குக்கும் தடை இல்லை. ஆனால் மகசின் இருந்தால் அதை அடைக்க வேணும், ஒரு தோட்டாவுக்கு மேல் அதற்குள் போகக்கூடாது. பம்ப் வகைக்கு இடமே இல்லை. ஆகவே அங்கே எண் 1. பெரும்பாலும் எல்லாரும் அம்மப்பாவுடையது மாதிரி முறித்துப் போடுகிற இரட்டைக்குழல்தான், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. விலையைத்தான் கேட்கக்கூடாது. துவக்கு வாங்கினால் முடிந்ததா? பயிற்சிக்கு நாளுக்கு நூற்றுக்கணக்கில் தோட்டா. வயல்காரன் பன்றிக்கு இரண்டு தோட்டாவை எண்ணி எண்ணி எடுத்துக்கொண்டு போன சாமான், ராசா வீட்டுப் பிள்ளைக்கு விளையாட்டாகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, 118 உடைப்பது காசால் மட்டும் வருகிற காரியம் இல்லை. ஆனால் தமிழில் இந்த விளையாட்டுக்கு ஏன் சொற்கள் இல்லை என்று யோசித்தால், அதை விளையாடக் கிடைத்தவர்கள் எத்தனை பேர் என்பதும் வரும்.

இந்த மாசி மாதம் மச்சான் எழுதினான், அடுத்த பருவத்துக்கு ஓப்பனை விட்டு ஸ்டாண்டர்டுக்கு மாறுகிறானாம். என் வாதத்தில் தோற்று இல்லை, கழகத்தில் அந்தப் பிரிவில் ஆள் குறைவாம், தரவரிசையில் ஏறலாமாம். இப்போது ஒவ்வொரு இரவும் சாப்பாட்டுக்குப் பிறகு, மருந்தில்லாத பொம்மைத் தோட்டாக்களை வைத்து நாலு நாலாகத் தள்ளிப் பழகுகிறான். குழாயின் வாயில் உள்ள தகடு பெருவிரல் தோலை உரித்துவிட்டது. படம் அனுப்பியிருந்தான். மாமி அதற்கு மஞ்சள் அரைத்துப் பூசினாவாம். மாமா கதிரையில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நாலையும் ஒன்றாகத் தள்ளாமல் முதலில் இரண்டு இரண்டாகப் பழகச் சொன்னாராம்.